மானிப்பாய் நூலும் மருத்துவிச்சியின் கையும்: யாழ்ப்பாணத்தில் கருப்பம் பற்றிய கருத்துகளின் மாற்றம்

1857 இல் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் தமிழ் நூல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், டப்ளின் மருத்துவர் ஹென்றி மோன்செல்லின் நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். இத்தகைய நூல்களோடு மூடநம்பிக்கை போய் அறிவியல் வந்தது என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

மோன்செல்லின் மூலநூல் 1834 இல் வந்தது. விந்தணுவை லீவன்ஹூக் 1677 இலேயே கண்டிருந்தார். பாலூட்டிகளின் சினைமுட்டையை வான் பேயர் 1827 இல் கண்டார். ஆனால் இரண்டும் ஒன்றுசேர்வதைக் கடல் முள்ளெலியின் முட்டையில் ஹெர்ட்விக் தெளிவுபடுத்தியது 1876 இல்தான். ஆகவே தமிழில் பிரசவ நூல் அச்சேறியபோது, கரு எப்படி உருவாகிறது என்பதற்கு ஐரோப்பாவிடமும் உறுதியான விடை இல்லை. முட்டை வெளியேறும் காலத்திலும் குழப்பமே நிலவியது. மாதவிலக்கை ஒட்டியே அது வெளியேறுகிறது என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். இரு மாதவிலக்குகளுக்கு நடுவில் என்பதை ஜப்பானிய மருத்துவர் ஒகினோ 1924 இல் நிறுவினார். மாதவிலக்கின் முதல் நாட்களைத் தள்ளி, அதன்பின் வரும் இரவுகளை எண்ணிய நாட்டு வைத்தியம் இந்த ஒன்றில் உண்மைக்குக் கிட்டவே நின்றது. அதே கணக்கு இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்றும் சொன்னது என்பதை மறைக்கக் கூடாது.

உள்ளூர் அறிவு வெறும் பேச்சு வழக்காக மட்டும் இருக்கவில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் ‘பரராசசேகரம்’ என்னும் மருத்துவ நூல் கருப்ப நோய்களுக்கு என்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அந்த நூலை 1928 முதல் பாகம் பாகமாகப் பதிப்பித்தார். சைவர் போற்றும் திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியைப் பகுதியோ, கூடும் வேளையில் மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் ஓடினால் பெண், கீழ்நோக்கும் வாயுவான அபானன் எதிர்த்தால் இரட்டை என்கிறது. வலம் ஆண், இடம் பெண் என்ற பாகுபாடு கிரேக்கத்தில் அனக்சகோரசின் பெயராலும் வழங்கியது. 1726 இல் இங்கிலாந்தில் மேரி டோஃப்ட் என்ற பெண் முயல்களைப் பெற்றதாகச் சொன்னபோது அரச மருத்துவர் ஒருவரே நம்பினார். ஆக, வினோதக் கதைகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல.

உண்மையில் முதலில் மாறியது பிரசவம் பார்க்கும் கை. கரு உண்டாகும் கதை மெல்லவே மாறியது. கிறீன் அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றினார். தமது இரண்டாம் வருகையில், 1862 முதல் 1873 வரை, தமிழ்வழிக் கல்வியில் ஊன்றி நின்றார். ஆனால் பிரசவ அறை பரம்பரை மருத்துவிச்சியின் இடம். ஆண் மருத்துவர் அங்கு எளிதில் நுழைய முடியாது. பெண்கள் நடத்திய வைத்தியசாலைதான் அந்த வாசலைத் திறக்க முடியும். 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது இந்த வகையில் ‘பிரசவ வைத்திய’த்தைவிடப் பெரிய நிகழ்வு என்பேன். பின்னர் அரசாங்கக் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வந்தார். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அந்த எண் பெரும்பாலும் 40க்குக் கீழே இருக்கிறது.

பிரசவம் பார்க்கும் கை மாறினாலும், கிளினிக் கேட்காத கேள்விகளில் பழைய கதைகள் தங்கிவிட்டன. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பார்கள். ஹிப்போக்கிரட்டீசின் பெயரிலும் இதே கருத்தில் ஒரு நூல் உண்டு. உண்மையில் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குறைமாதப் பிள்ளையின் பிழைப்பைக் கூட்டுகிறது. தொப்புள்கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று, அவரை எண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் செய்வார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். மாமன்மார் பாடு திண்டாட்டந்தான். பிள்ளைத்தாச்சிக்குப் பப்பாசி ஆகாது என்பதை மட்டும் முற்றாகத் தள்ள முடியாது. காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்வது சோதனையில் தெரிந்தது. நன்கு பழுத்த பழத்துக்கு அந்தக் குணம் இல்லை.

ஆண், பெண் பேதத்தின் கதை வேறு. 1905 இல் நெட்டி ஸ்டீவன்சும் எட்மண்ட் வில்சனும் பாலின நிறமூர்த்தங்களைப் பூச்சிகளில் விளக்கினர். மனிதரில் தாய் தருவது எக்ஸ் நிறமூர்த்தம் மட்டுமே. அதனோடு சேர்வது எக்ஸா, ஆணுக்குரிய வையா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. திருமந்திரம் சொன்ன காரணம் தவறானாலும், உரைகாரர் கொள்ளும் பொருளில் அதுவும் ஆணின் மூச்சையே காட்டியது. ஆனால் நம் வீடுகளில் நிலைத்தது மற்றொரு பழங்கொள்கை: தந்தையின் சுக்கிலம் மிகுந்தால் ஆண், தாயின் சுரோணிதம் மிகுந்தால் பெண். அதன்படி பெண்பிள்ளை பிறப்பது தாயின் மிகுதி. சீதனம் தேட வேண்டிய குடும்பத்துக்கு இந்த விளக்கமே வசதியாக இருந்தது. பெண்பிள்ளை பெற்றதற்குப் பேச்சு வாங்கியவள் மருமகள்.