13 பாயின்ட் ரோஸ்டர்... 200 பாயின்ட் ரோஸ்டர்: பேராசிரியர் வேலையில் இடஒதுக்கீடு எப்படி கணக்கிடப்படுகிறது?

மத்திய பல்கலைக்கழகங்களில் ஓபிசிக்கு 27%, எஸ்சிக்கு 15%, எஸ்டிக்கு 7.5% இடஒதுக்கீடு உண்டு. ஆனால் இந்த சதவீதத்தை எதை வைத்துக் கணக்கிடுவது? மொத்தப் பல்கலைக்கழகத்தையா, தனித்தனித் துறையையா? நாடு முழுக்க போராட்டம் வெடித்ததே இந்தக் கேள்வியால்தான்.

ரோஸ்டர் என்றால் என்ன?

எத்தனையாவது பணியிடம் யாருக்கு என்று சொல்லும் வரிசைப் பட்டியல்தான் ரோஸ்டர். இதில் 4-வது இடம் ஓபிசிக்கு, 7-வது எஸ்சிக்கு, 8-வதும் 12-வதும் ஓபிசிக்கு. எஸ்டிக்கு வருவது 14-வது இடம்தான்!

அப்போ என்ன சிக்கல்?

சிம்பிளா ஒரு கணக்கு. ஒரு பல்கலைக்கழகத்தில் 40 துறைகள், துறைக்கு 5 உதவிப் பேராசிரியர்கள். மொத்தம் 200 இடம்.

* பல்கலைக்கழகத்தை ஒரே அலகாக எடுத்தால்: ஓபிசி 54, எஸ்சி 30, எஸ்டி 15.
* துறையை அலகாக எடுத்தால்: ஓபிசி 40, எஸ்சி 0, எஸ்டி 0.

சட்டத்தில் சதவீதம் அப்படியே இருக்கும். ஆனா இடம் இருக்காது. ஒரு துறையில் ஒன்றிரண்டு பேர் மட்டுமே இருக்கும் பேராசிரியர் பதவியில் ஓபிசிக்குக்கூட வாய்ப்பு வராது.

என்ன நடந்தது?

2017: துறையைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும் என அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018 மார்ச் 5: தீர்ப்பின்படி நியமனம் செய்யச் சொல்லி யுஜிசி உத்தரவிட்டது.

2019 ஜனவரி 22: மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினர். மார்ச் 5-ல் பாரத் பந்த்.

2019 மார்ச் 7: மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே ஜூலையில் நாடாளுமன்றத்தில் சட்டமானது.

இப்போது நிலைமை என்ன?

கல்வி நிறுவனம் முழுவதும் ஒரே அலகு. பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினருக்கான 10 சதவீதமும் இதில் சேர்ந்துள்ளது. ஆனால் நேரடி நியமனத்துக்கு மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனம் போன்ற சிலவற்றுக்கும், சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. தமிழ்நாடு அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலத்தின் 69% சட்டம் தனி.

பிரச்னை முடிந்ததா?

இல்லை. நேர்காணலுக்குப் பிறகு 'தகுதியானவர் யாரும் இல்லை' எனத் தேர்வுக் குழு முடிவெடுத்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். இதைச் சாக்காக வைத்து ஒதுக்குகிறார்கள் என்பது விண்ணப்பதாரர்களின் நீண்டநாள் புகார். அப்படி நிரம்பாத இடங்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்றலாமா என்ற பேச்சு, யுஜிசியின் வரைவு வழிகாட்டுதலால் 2024 ஜனவரியில் கிளம்பியது. எதிர்ப்பு வலுத்ததும், இடஒதுக்கீட்டை நீக்கும் பேச்சுக்கே இடமில்லை என மத்திய கல்வி அமைச்சகம் விளக்கம் கொடுத்தது.

ரோஸ்டரில் இடம் இருப்பது முதல் படி. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.