மேசியா சங்கீதங்கள்

வரவிருந்த மீட்பரை முன்னுரைத்தவை என்று கிறித்தவர்கள் கொள்ளும் விவிலியப் பாடல்கள் மேசியா சங்கீதங்கள் எனப்படும். சங்கீத நூலின் 150 பாடல்களில் 2, 16, 22, 69, 110, 118 ஆகியவற்றைப் பெரும்பாலோர் இவ்வகையில் சேர்ப்பர். எண்ணிக்கையில் பழைய உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை. மோப்சுவெஸ்தியா ஆயர் தெயோதோர் (இறப்பு 428) நான்கே நான்கை ஏற்றார். அவர் காலத்தவரான அகுஸ்தீனோ ஏறக்குறைய எல்லாப் பாடல்களிலும் கிறிஸ்துவின் குரலையே கேட்டார்.

2, 110 ஆகியவை முதலில் தாவீதின் வழிவந்த அரசர்களுக்கான முடிசூட்டுப் பாடல்களாக இருந்திருக்கலாம் என்பது இக்கால ஆய்வாளர் பலரின் கருத்து. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் பாபிலோனிடம் வீழ்ந்தது. அரியணை போயிற்று, பாடல் மட்டும் நின்றது. பாடப்பட்ட அரசர் இனிமேல்தான் வருவார் என்ற எதிர்பார்ப்பு வளர அதுவே இடம் கொடுத்தது. புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் சங்கீதம் 110தான்.

மலாக்கா மாநிலத் தமிழ்க் கிறித்தவர்களுக்கு நெருக்கமானது 22ஆம் சங்கீதம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பெரிய வெள்ளியன்று தியானிக்கும்போது, நான்காவது வார்த்தையாக வருவது இதன் தொடக்கமே. தீபகற்ப மலேசியாவில் அந்நாள் பொது விடுமுறை அல்ல; தோட்டமானாலும் பட்டணமானாலும் வேலைக்குப் போகிறவர் விடுப்பு எடுத்துத்தான் பகல் ஆராதனைக்கு வரவேண்டும். கத்தோலிக்கர் இந்த 22ஆம் சங்கீதத்தையே திருப்பாடலாகக் குருத்து ஞாயிறு திருப்பலியில் பாடுகின்றனர். பழைய கத்தோலிக்க நூல்களில் தேடுவோர் 21 என்ற எண்ணில் பார்க்க வேண்டும். இலத்தீன் வரிசையில் ஓர் எண் குறைவு.

இச்சங்கீதத்தில் வரும் ஏளனம், உடைகளுக்குச் சீட்டுப்போடுதல் ஆகிய காட்சிகளோடு பிரசங்கம் நின்றுவிடுவது உண்டு. அது பாதிப் பாடல்தான். பிற்பகுதி முழுவதும் சபை நடுவே எழும் நன்றிப் புகழ். உயிர்த்தெழுதலோடு இப்பாடலை இணைக்க வழிசெய்வது அந்தத் திருப்பமே.

மலாக்காவில் சங்கீதங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து ஆலயம் டச்சு சீர்திருத்த சபையினருடையது. அவர்கள் வழிபாட்டுப் பாடல்களில் சங்கீதங்களே முதன்மை. பின்னர் ஆங்கிலிக்கன் ஆலயமான அங்கே இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது. மிஷனரிகளான மோரிசனும் மில்னும் மொழிபெயர்த்த, சங்கீதங்களும் அடங்கிய சீன விவிலியம் 1823இல் முழுமையாக அச்சேறியதும் மலாக்காவில்தான்.

யூதர்கள் இப்பாடல்களை இயேசுவுக்குரியவையாக ஏற்பதில்லை. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, முன்னோர் சிலர் 2ஆம் சங்கீதத்தை மேசியாவுக்கு உரியதாகக் கொண்டதைக் குறிப்பிட்டுவிட்டு, நேர்ப்பொருளில் அது தாவீதையே குறிக்கும் என்றார்.