கையெழுத்து போடாத விவசாயி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்துவாச்சாரி வீட்டில் டெரன்ஸ் மாலிக்கின் ‘எ ஹிடன் லைஃப்’ படத்தை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆயா, கையில் ஜெபமாலையோடு, பாதி பார்த்தும் பாதி தூங்கியும். என்ன நடக்கிறது என்று அவ்வப்போது நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த விவசாயி உயிர் பிழைக்கலாம், அவர் போட மறுக்கிறார் என்றதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தது.

“போட்டா இன்னாடா கொறஞ்சிடப் போவுது? பொண்டாட்டி புள்ளைங்கள யாரு பாப்பாங்க?”

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்த மனிதரைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் 1907 மே 20 அன்று ஆஸ்திரியாவின் புனித ராடெகுண்ட் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். ஹிட்லர் பிறந்த பிரௌனாவும் அதே மாவட்டம்தான். பிறந்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பெற்ற அப்பா முதல் உலகப் போரில் செத்துப்போனார். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்ட விவசாயி இவரைத் தத்தெடுத்துத் தன் பெயரையும் கொடுத்தார். வாலிபத்தில் ஃப்ரான்ஸ் ஒன்றும் சாது இல்லை. ஊருக்கு முதல் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவர் அவர்தான். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவும் ஆகியிருந்தார். 1936-இல் ஃப்ரான்ஸிஸ்காவைக் கட்டினார். தேனிலவுக்கு இரண்டு பேரும் ரோமுக்குப் போய்வந்தார்கள். பிறகு மாடு, வைக்கோல், உழவு, தினமும் பூசை. அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். பிற்பாடு ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. ஏப்ரல் 10 அன்று அதற்குச் சம்மதமா என்று மக்களிடம் ஓட்டு கேட்டார்கள். அந்தக் கிராமத்தில் ‘இல்லை’ என்று போட்டவர் ஃப்ரான்ஸ் ஒருவர்தான். ஆனால் ஊரின் முடிவு நூற்றுக்கு நூறு சம்மதம் என்றே அறிவிக்கப்பட்டது. அந்த ஒற்றை ஓட்டைக் கணக்கிலேயே காட்டவில்லை.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்த இடத்தைத்தான். ஒரு சீட்டில் எழுதிய ‘இல்லை’யை அவ்வளவு சுலபமாக இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று அவர் கண்ணெதிரே பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய மறுப்பு ஒவ்வொன்றும் சீட்டிலிருந்து நகர்ந்து வாழ்க்கைக்குள் வந்துவிடுகிறது. ஆலங்கட்டி மழையில் பயிர் போனபோது நாஜி அரசின் நிவாரணப் பணத்தை வாங்கவில்லை. கஷ்டப்படுகிற சம்சாரி வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும்.

1940 அக்டோபரிலிருந்து ஆறு மாதம் ராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். இனி கூப்பிட்டால் போகமாட்டேன் என்று முடிவெடுத்தார். எல்லாரும் எதிராகப் பேசினார்கள். அம்மா, சொந்தக்காரர்கள், சாமியார்கள். லின்ஸ் நகரத்து ஆயரையே நேரில் போய்ப் பார்த்தார். போர் நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உன் வேலை இல்லை, குடும்பத்தைப் பார் என்பதுதான் அங்கே கிடைத்த பதில். என் ஆயா கேட்டதும் ஆயர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதே 1940 அக்டோபரில்தான் வார்தா பக்கம் பவுனாரில் வினோபா போருக்கு எதிராகத் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கினார். அந்த வருஷக் கடைசியில் கைதான காமராஜர், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய வேலூர் மத்திய சிறையில்தான் இருந்தார். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்களுக்குப் பின்னால் காந்தி இருந்தார், காங்கிரஸ் இருந்தது, ஜனங்கள் இருந்தார்கள். ஃப்ரான்ஸுக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் இருந்தாள். ஃப்ரான்ஸிஸ்காவும் முதலில் அவரை மாற்றப் பார்த்தவள்தான். ஊரே ஒரு பக்கம் நிற்பதைப் பார்த்த பிறகு, நானும் கைவிட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் பக்கம் வந்துவிட்டாள்.

1943 மார்ச்சில் எண்ஸ் ராணுவ முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று சொன்னார். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யத் தயார் என்றும் சொல்லிப் பார்த்தார். அதை அவர்கள் கேட்கவில்லை. லின்ஸ் சிறை, பிறகு பெர்லின் டேகல் சிறை. ஜூலை 6 அன்று ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே மாதம் மனைவி வந்து கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36. பிள்ளைகளுக்கு ஐந்து, நான்கு, மூன்று.

போர் முடிந்தும் ஊர் மன்னிக்கவில்லை. போருக்குப் போய்ச் செத்தவர்களின் வீடுகளில் எல்லாம் இவர் பெயர் ஒரு குத்தலாக இருந்தது. 1950 வரை ஃப்ரான்ஸிஸ்காவுக்கு விதவைப் பென்ஷன் கிடையாது. நிலத்தை உழுததும், மாட்டைப் பார்த்ததும், பிள்ளைகளை வளர்த்ததும் அவள்தான். மறைமாவட்டப் பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதக்கூட ஆயர் விடவில்லை.

வெளியுலகுக்கு இவரைக் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் கார்டன் ஸான். 1964-இல் அவர் எழுதிய புத்தகத்தின் வழியாக இந்தக் கதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை போனது. மனசாட்சிப்படி போரை மறுப்பவர்களுக்காக அங்கே இவரை உதாரணம் காட்டியவர், பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 1997-இல் பெர்லின் நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று அதே லின்ஸ் நகரத்துப் பேராலயத்தில் திருச்சபை இவரை அருளாளர் ஆக்கியது. 94 வயதில் ஃப்ரான்ஸிஸ்கா அங்கே உட்கார்ந்திருந்தாள்.

இதையெல்லாம் ஆயாவிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் எங்கள் தாத்தா.

ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் அவருக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. டேனரிக் கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது, அப்பாவுக்கு வேலை வந்தது. நான் படித்தது அந்த வேலையில்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும் என்று வேலூர் டேனரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஊரே அதைப் பேசியபோது தாத்தா மட்டும் வாயே திறக்கவில்லையாம். சாகும்வரை அந்தக் கிணற்றுப் பக்கம் அவர் போகவில்லை.

தாத்தாவைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஃப்ரான்ஸும், போருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. தன்னால் முடியாது என்று மட்டும்தான் சொன்னார். ஆனாலும் அந்தத் தாளில் இருந்தது பொய் என்று எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. இதை எழுதும்போதுதான் நான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

ஒருவழியாக ஒரு நாள் ஆயாவிடம் மிச்சக் கதையையும் சொன்னேன். 2013-இல், நூறு வயது தாண்டி ஃப்ரான்ஸிஸ்கா செத்துப்போனது வரைக்கும். ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது:

“அம்மாம் வருஷமும் அந்தப் பொம்பள அவன ஒரு வார்த்த திட்டலயா?”

“தெரியல ஆயா.”

“உங்க தாத்தன நானும் திட்டல” என்றது ஆயா. “அதான் அந்த மனுஷன் தூங்கவே இல்ல.”