தவளம் மாட்டிலிருந்து லேண்ட் ரோவர் வரை: மாமாவின் ஜீப்பை வெட்டுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் மாமா மவ்த்தாகிப் பத்து வருடத்துக்கு மேல். அவருடைய நீளச் செசி லேண்ட் ரோவர் அன்றிலிருந்து பலாமரத்தடியில் படங்குக்குக் கீழே நிற்கிறது. கட்டாரிலிருந்து லீவில் வந்த அவருடைய மகன், எனக்கு மச்சான், இப்போது அதைப் புதிதாகக் கட்டப் போகிறார். ஜப்பான் டேர்போ டீசல் எஞ்சின், பெரிய டயர், உயர்த்திய பொடி என்று கொப்பியில் படமே வரைந்துவிட்டார். பாஸ் ஒருவர் வந்து பார்த்துக் கணக்கும் சொல்லியாயிற்று. மச்சானின் நான்கு வருட உழைப்பு அதில் போகும். திரும்பிப் போகாமல் ஊரிலேயே நின்று, றிவர்ஸ்டன், பிட்டவல பத்தனைப் பக்கம் பயணிகளை ஏற்றிப் பிழைக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

"நீங்க வரலாறு படிப்பிக்கிற ஆள்தானே மச்சான், இந்த வண்டிக்கு ஏதும் வரலாறு இருக்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அன்றிரவு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலைநாட்டில் பாரம் சுமப்பது நம் சமூகத்துக்குப் புதிய தொழில் அல்ல. 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். கண்டி இராச்சியத்தில் சுமை மாடுகளைப் பொறுப்பாகப் பார்த்த பிரிவுக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அதில் பெரும்பாலும் நம் முன்னோர்களே இருந்தார்கள். பாக்கும் வாசனைத் திரவியங்களும் கீழே இறங்கின. உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறின. வண்டிப் பாதை இல்லாத காட்டில் வரிசையாக நடந்த அந்தத் தவளம் மாடுகள்தான் இந்த மலையின் முதல் 'ஃபோர் வீல்'.

நம் வஹகோட்டையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்த காலத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டுக்குள் வந்து சேர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என்றே இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் அறியப்படுகின்றன. துரத்தியவனின் பிள்ளைகளுக்கும் துரத்தப்பட்டவனின் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் கொடுத்தது ஒரே இராச்சியம். அந்தோனியார் கோயில் திருவிழாக் காலத்தில் மாமாவின் ஜீப் ஓய்வே எடுக்காது. தூரத்திலிருந்து வரும் வயதானவர்களை ஏற்றி இறக்குவார். காசு வாங்கமாட்டார்.

1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. பாதைகள் பெருகின, மாட்டு வண்டியும் பிறகு லொறியும் வந்தன, தவளம் மறைந்தது. ஆனால் தார் போடாத ஏற்றங்கள் அப்படியே இருந்தன.

அந்த ஏற்றங்களுக்கான வண்டியை யுத்தம் உண்டாக்கியது. அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்ட் இரண்டு கம்பனிகளும் ஆறு இலட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்தன. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தபோது நம் மலைநாட்டுக்கும் இராணுவ வாகனங்கள் வந்து குவிந்தன.

இங்கிலாந்தில் ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ் தன் தோட்டத்தில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அது பழுதானால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். முதல் மாதிரியையே ஒரு ஜீப்பின் செசியில்தான் கட்டினார்கள்! 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. யுத்தத்துக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பூசிய பச்சையும் இராணுவத்தில் மிஞ்சிய பெயின்ட். இருந்ததை வைத்து, தேவையான வேலைக்காகக் கட்டிய வண்டி. வயலில் உழவும், அதன் எஞ்சினால் மரம் அரியும் வாளைச் சுழற்றவும் கூடியதாகத்தான் அதை விற்றார்கள்.

மாமாவுடையது 1961இல் வெளிவரத் தொடங்கிய 'டூ ஏ' வகை. 109 அங்குலச் செசி, 2.25 லீற்றர் டீசல், சுமார் 60 குதிரைவலு. மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் இழுத்தால் நடை வேகத்தில் சுவர் போன்ற ஏற்றத்திலும் ஏறும். மிளகு மூட்டையோடு மாமா அப்படி ஏறுவதைச் சிறுவயதில் பின் பெஞ்சில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இனி மச்சானின் கொப்பிக்கு வருவோம். எஞ்சின் மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரச் சந்தக்ஃபூவுக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றுகின்றன. அவற்றில் பலவற்றுக்குள் இப்போது ஓடுவது இந்திய டீசல் எஞ்சின். வேலை செய்யும் வண்டி மாறத்தான் செய்யும்.

ஆனால் வரிசை முக்கியம். அலுமினியப் பொடி இரும்பு போலத் துருப்பிடிக்காது. துரு செசியிலும் முன் தடுப்புச் சுவரிலும்தான் ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். அடுத்தது பிரேக். 60 குதிரைவலுவுக்குச் செய்த டிரம் பிரேக், அதைப்போல் இரண்டு மடங்கு வலுவுள்ள எஞ்சினை இறக்கத்தில் எப்படி நிறுத்தும்? இந்த வகையில் பின் எக்ஸல் ஷாஃப்ட்டும் பலவீனமானது. வலுக்கூடிய எஞ்சினும் பெரிய டயரும் சேர்ந்தால் முதலில் முறிவது அதுதான். றிவர்ஸ்டன் வளைவில், பின்னால் ஆறு பேர் இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

மூன்றாவது, புத்தகம். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். செசி இலக்கம்தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். அந்த இடத்தை வெட்டி வேறொன்றை ஒட்டினால் வண்டி இருக்கும், ஆனால் அதற்கு ஆள் அடையாளம் இருக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டியின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. புத்தகம் சுத்தமாக இல்லாத வண்டிக்கு அந்த அருமை கிடையாது.

போன ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து கொப்பியைத் திரும்ப எழுதினோம். மேலே முதல் வரி: "இந்த வண்டி என்ன வேலை செய்யப் போகிறது?" பதில்: ஆட்களைப் பத்திரமாக ஏற்றி, பத்திரமாக இறக்குவது. அதற்குக் கீழே செசி, பிரேக், ஸ்டியரிங், பிறகு எஞ்சின். காசு மிஞ்சினால் மட்டும் பெயின்ட். மாமா உட்கார்ந்து தேய்ந்த சீட்டையும் அந்த இரண்டு குமிழ்களையும் மாற்றுவதில்லை என்று மச்சானே எழுதினார். டயர் விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் இறங்கி வரவில்லை!

தவளம் ஓட்டியவனும் மாட்டின் கொம்புக்குச் சாயம் பூசுவதற்கு முன் அதன் குளம்பைத்தான் பார்த்திருப்பான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் தவளம் ஓட்டியவர்கள், கரத்தை வைத்திருந்தவர்கள், முதல் ஜீப் வாங்கியவர்கள் பற்றி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. வீட்டில் பழைய படமோ லைசன்ஸோ இருந்தால் எனக்குக் காட்டுங்கள், பிரதி எடுத்துவிட்டுத் தருகிறேன். பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். மாமாவிடம் நான் கேட்காமல் விட்டது நிறைய.