கொட்டாய்க்குச் சுவர் கிடையாது

தமிழில் சினிமா அரங்குக்கு முதலில் ஒட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று கொட்டகை. மாடு கட்டுகிற இடமும் கொட்டகைதான், தேங்காய் குவித்து வைக்கிற இடமும் கொட்டகைதான். நாலு கால் நட்டு மேலே கூரை போட்டால் போதும், சுவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பேச்சில் அது கொட்டாய் ஆகி, படக்கொட்டாய், டென்ட் கொட்டாய், டூரிங் கொட்டாய் என்று பெருகியது. ஏசி போட்ட அரங்குகள் வந்த பிறகும் "கொட்டாய்ல என்ன படம் ஓடுது?" என்று கேட்கிற பெரியவர்கள் எங்கள் பக்கம் இருந்தார்கள்.

இந்தச் சொல்லை நான் துருவ ஆரம்பித்ததற்குக் காரணம் தொண்டாமுத்தூரில் இருக்கும் என் மாமா. வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில், இரும்புக் கால்கள் நட்டு ஓடு வேய்ந்து ஒரு திறந்த மண்டபம் கட்டியிருக்கிறார். கட்டிக்கொடுத்தவர்கள் அதைப் ‘பெவிலியன்’ என்கிறார்கள். அதில் புரொஜெக்டர் வைத்துப் படம் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. இப்போது கோவையைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளில் இது பரவி வருகிறது. புதுப்பழக்கம் போலத் தெரிந்தாலும் உண்மையில் இது ஒரு திரும்புதல். தென்னிந்தியாவின் முதல் டென்ட் சினிமாக்காரர் இந்த ஊர்க்காரர்தான்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை, மாதம் 25 ரூபாய் சம்பளம் என்று சொல்லப்படுகிறது. 1905இல் படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சி வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. ஊர் திரும்ப முடிவெடுத்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றார். வின்சென்ட் வாங்கினார். விலை 2,250 ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது அவருடைய 90 மாதச் சம்பளம். ஏழரை வருஷ உழைப்பை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, ரயில்வே வேலையையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்தச் சுருள்களில் ஒன்று ஏசுவின் வாழ்க்கை பற்றிய மௌனப்படம்.

திருச்சியில் டென்ட் அடித்துத் தொடங்கியவர், சென்னை எஸ்பிளனேடு, லக்னோ, லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். பாத்தே கம்பெனியின் புரொஜெக்டர்களுக்கு ஏஜென்டாகவும் ஆனார். அவர் விற்ற கருவிகளை வாங்கியவர்களும் தங்கள் பங்குக்கு டென்ட் அடித்தார்கள். கூடாரத்தின் பலம் அதுதான். மழை வந்தால் சுருட்டலாம், கூட்டம் குறைந்தால் அடுத்த ஊருக்கு வண்டி கட்டலாம்.

1914இல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பின்னால் அது டிலைட் தியேட்டர் ஆனது. தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர். படம் ஓட வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்கு மின்சாரம் வேண்டும். பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் படம் காட்டுகிறவர் மின்சாரத்தையும் தானே தயாரிக்க வேண்டும். வின்சென்ட் எஞ்சின் வைத்துத் தயாரித்தார். அந்த மின்சாரத்தில் அச்சகமும் மாவு மில்லும்கூட ஓட்டினார். பைக்காரா வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் பொழுது சாய்ந்த பின் கால் நீட்டி உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கே அந்தக் கம்பிதான் ஆதாரம்.

நகரத்தில் கட்டடங்கள் எழுந்தபோதும் கிராமத்துச் சினிமா கூடாரத்திலேயே இருந்தது. பேசும்படம் வந்ததும் டூரிங் டாக்கீஸ் என்று பெயர் மாறியது. சட்டமும் கூடவே வந்தது. 1918ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டம், தணிக்கையோடு தீப்பாதுகாப்பையும் கையில் எடுத்தது. அன்றைய நைட்ரேட் படச்சுருள் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. அதனால்தான் புரொஜெக்டரைப் பார்வையாளர்களிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்தார்கள். பிறகு 1955ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. டூரிங் கொட்டாய்க்குக் கிடைத்தது தற்காலிக உரிமம்தான். பெரும்பாலும் ஒற்றை புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்ற மாற்ற இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை சாதாரணம். கூம்பு ஸ்பீக்கரில் சாமி பாட்டு நின்றால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

உள்ளே தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை என்றால் மணல். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவர்களின் கதையை எல்லா ஊரிலும் கேட்கலாம். இதைச் சும்மா ஏக்கமாகப் பேசிவிட்டுப் போய்விடுகிறோம். ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி வேறொன்றைக் கவனித்தார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் வாதம். யார் எங்கே உட்கார்வது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையில் இருந்த காசு தீர்மானித்தது.

கொங்குப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். தோட்டத்துச் சாளையில் யார் திண்ணை வரைக்கும் வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யாருக்கு எந்த டம்ளர் என்பதெல்லாம் எழுதாத சட்டங்களாக ஓடிய ஊர்கள் இவை. தெருக்கூத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும்கூட நிற்கிற இடம் முன்கூட்டியே முடிவானது. கூடார வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் மட்டும் "நீ யாரு ஊட்டுப் பையன்?" என்று கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குத்தான் நஷ்டம். காசு பெரிய சமத்துவவாதி ஒன்றும் கிடையாது. தரைக்கும் சேருக்கும் நடுவே அது வேறொரு கோடு போட்டது. ஆனால் அந்தக் கோட்டை, கூலி வந்த சனிக்கிழமையன்றாவது, ஒருவரால் தாண்ட முடிந்தது.

இனி மாமாவின் கொட்டாய்க்கு வருகிறேன். வெள்ளியங்கிரி மலை மேற்கே நிற்பதால் தொண்டாமுத்தூரில் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் வானம் உடனே இருட்டாது. 120 இன்ச் திரை என்றால் சுமார் எட்டே முக்கால் அடி அகலம், ஐந்தடி உயரம், பரப்பு 4 சதுர மீட்டர். தியேட்டர் திரைக்கு வைத்திருக்கும் பிரகாச அளவான சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்பதை எட்ட, கும்மிருட்டில் 600 லூமென் போதும். அதாவது திரையில் விழும் ஒளி 150 லக்ஸ். சூரியன் விழுகிற நேரத்தில் திறந்தவெளியிலேயே சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்த நேரத்தில் படம் வெளிறித்தான் தெரியும். "இருட்டுனாத்தான் படம்" என்ற டூரிங் கொட்டாய் விதி இன்னும் மாறவில்லை.

சத்தமும் அப்படித்தான். சுவர் இல்லாததால் ஒலி திரும்பி வராது. தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாக 6 டெசிபல் குறையும். அதனால் ஸ்பீக்கரை ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது. இங்கே யானைகளும் இரவில் தோட்டத்துக்குள் இறங்கும். நாய் விடாமல் குரைத்தால் படத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். கம்பியை வீட்டு இணைப்பிலிருந்துதான் இழுக்க வேண்டும், மோட்டாருக்குக் கொடுத்த இலவச மின்சாரம் இதற்கு ஆகாது.

இதெல்லாம் பேசிச் சரிசெய்துவிட்டோம். சிக்கல் திரையில் வந்தது.

சோதனைக்கு முதலில் கட்டியது வெறும் வெள்ளை வேட்டி. மெல்லிய துணியில் படம் பின்பக்கமும் தெரியும், இடம்வலம் மட்டும் மாறியிருக்கும். தோட்டத்தில் வேலைக்கு இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நாலைந்து பேர் திரைக்குப் பின்னால் தேங்காய்க் களத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைட்டில் எழுத்துகளைத் தலைகீழாய்ப் படிக்க ஒரு பையன் முயன்றதும் மற்றவர்கள் சிரித்ததும் எங்களுக்குக் கேட்டது. மறுநாள் மாமா பின்பக்கம் கறுப்பு அடித்த திரை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். படம் பளிச்சென்று இருக்கும், வெளிச்சம் பின்னால் கசியாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுதான் சரி.

"ஏனுங் மாமா, அதை மாட்டுனா பின்னாடி ஒண்ணும் தெரியாதுங்களே."

"படம் பாக்கறதுக்குத்தான மாப்ள திரை? பின்னாடி எதுக்கு?"

"அந்தப் பசங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் வேண்டாம்னா சொன்னேன்? வந்து உக்காரட்டும். எங்க உக்காருவாங்க?"

அவர் கேட்டது வெறும் இடம் பற்றிய கேள்வி இல்லை. மாமா கெட்டவர் கிடையாது. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸுக்குக் கையில் காசு கொடுக்கிறவர்தான். ஆனாலும் வாசலுக்கு வெளியே கைநீட்டிக் கொடுப்பது வேறு, பக்கத்துச் சேரில் உட்கார வைப்பது வேறு.

திரையைப் பெவிலியனுக்குள் கட்டாமல் களத்தின் கிழக்கு ஓரத்தில் கட்டலாம் என்றேன். மண்டபம் புரொஜெக்டர் அறையாக இருக்கட்டும், களம் தரை டிக்கெட்டாக இருக்கட்டும். கறுப்புத் திரையாக இருந்தாலும் அப்போது எல்லோரும் முன்பக்கம்தான். மாமா ஒத்துக்கொண்டார், பாயும் வாங்கிப் போட்டார். பிள்ளைகள் வருகிறார்கள், எழுத்தை நேராகப் படிக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சேர்கள் மண்டபத்துக்குள்தான் இருக்கின்றன. யாரும் யாரையும் அங்கே வராதே என்று சொல்லவில்லை. யாரும் வருவதும் இல்லை.

டூரிங் கொட்டாயின் டிக்கெட்டை நாம் செலவாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஓர் உரிமைச் சீட்டும்கூட. காசு கொடுத்தவனை எழுந்து போ என்று சொல்ல முடியாது. வீட்டுக் கொட்டாயில் டிக்கெட் கிடையாது, அழைப்புதான் உண்டு. அழைப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது, சேர்த்து வைக்கவும் முடியாது, அழைக்கிறவர் மனது வைக்க வேண்டும். வின்சென்டின் பெட்டி நூறு வருஷத்துக்கு மேல் சுற்றித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. லூமென் கூடியிருக்கிறது, சுருள் போயிருக்கிறது, தீப்பிடிக்கும் பயம் இல்லை. பாய்க்கும் சேருக்கும் நடுவே பத்தடிதான். அன்றைக்கு அந்தத் தூரத்தைத் தாண்ட சில அணாக்கள் போதுமாக இருந்தது.