மீட்பு உயரம் (மொனேரோ)

மீட்பு உயரம் என்பது, மொனேரோ எனும் மறையீட்டு நாணயத்தின் பணப்பையை விதைச் சொற்களைக் கொண்டு மீட்கும்போது, பிளாக்செயினின் எத்தனையாவது தொகுதியிலிருந்து தேடத் தொடங்கவேண்டும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். 2014 ஏப்ரலில் தொடங்கப்பட்ட மொனேரோவில் ஒவ்வொரு வரவும் ஒருமுறை மட்டும் பயன்படும் தனி முகவரிக்கே செல்கிறது. ஆகையால் பொது முகவரியைக் கொண்டு வரவுகளைத் தேட இயலாது. பணப்பை மென்பொருள் தனது பார்வைச் சாவியால் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் சோதிக்கவேண்டும். எண் 0 எனில் முழுச் சங்கிலியும் சோதிக்கப்படும்; இதற்குப் பல மணிநேரமோ நாட்களோ ஆகலாம்.

முதல் வரவுக்குப் பிந்தைய எண்ணைக் கொடுத்தால், அத்தொகுதிக்கு முன் வந்த நாணயங்கள் இருப்பில் காட்டப்படா. பணம் களவுபோனது போல் தோன்றினாலும் அவை சங்கிலியிலேயே உள்ளன. சிறிய எண்ணைக் கொடுத்து மீண்டும் மீட்டால் தெரியவரும்.

வழமையான 25 சொல் விதையில் பணப்பை உருவான நாள் பதியப்படுவதில்லை (கடைசிச் சொல் எழுத்துப்பிழையைக் கண்டறிவதற்கானது). எனவே இவ்வெண்ணையும் சொற்களோடு எழுதிவைப்பது நன்று. எழுதிவைக்காதோர் நாட்கணக்கைக் கொண்டு மதிப்பிடலாம்: 2016 மார்ச் முதல் இரண்டு நிமிடத்திற்கு ஒன்றாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 720 தொகுதிகள் சேர்கின்றன. ஐயமிருப்பின் மேலும் ஒரு மாதத்திற்குரிய 21,600 தொகுதிகளைக் கழித்துக்கொள்வது பாதுகாப்பானது. பாலிசீட் எனும் 16 சொல் விதையில் பணப்பை உருவான காலமும் அடங்கியிருப்பதால் இத்தொல்லை இல்லை.