கொதித்த பத்தாண்டு – 7: ஒன்பதாம் மாடி

வோல்ட்டர் றொட்னியை ஜமேக்கா மண்ணில் கால்வைக்க விடவில்லை. மறுநாள் கிங்ஸ்ரன் தெருக்கள் பற்றி எரிந்தன. சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம். 1968 ஒக்டோபரில் மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்பியபோதுதான் றொட்னிக்கு அந்தக் கதி. மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டொமினிக்காத் தீவின் இளைஞர் றோசி டக்ளஸ். அந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

மாநாடு முடிந்தது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே, இன்னொரு பல்கலைக்கழகத்தில் கொடுத்த முறைப்பாடு ஒன்று பதிலில்லாமல் கிடந்தது.

டி மெசனோவ் வீதியில் நிற்கும் ஹோல் கட்டடத்தை மொன்றியல் தமிழர் எல்லோருக்கும் தெரியும். இன்று கொன்கோர்டியா பல்கலைக்கழகம். நம் பிள்ளைகள் படித்த, படிக்கிற இடம். அன்று அது சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகம். அங்கே உயிரியல் படித்த கரீபிய மாணவர் ஆறு பேர் 1968 வசந்தகாலத்தில் நிர்வாகத்திடம் போனார்கள். விரிவுரையாளர் பெரி அண்டர்சன் கறுப்பின மாணவர்களுக்கு எப்படி எழுதினாலும் குறைத்தே புள்ளி போடுகிறார் என்றார்கள். வெள்ளை மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர், தங்களை மட்டும் ‘மிஸ்டர்’ சேர்த்து எட்ட நிறுத்துகிறார் என்றார்கள். மருத்துவம் படிக்க எண்ணியிருந்தவனுக்கு உயிரியல் புள்ளி சின்ன விஷயமல்ல. கடல் கடந்து அனுப்பிய குடும்பத்தின் மொத்த நம்பிக்கையும் அந்தத் தாளில் இருந்தது.

அண்டர்சன்மீது குற்றமில்லை என்று 1969 ஜூனில் ஒரு குழு அறிவித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். என் மனம் ஆறாதது வேறொன்றில்: ஆறு மாணவர்கள் முறைப்படி வந்து முறையிட்டபோது, முறையான பதில் ஒன்று வரவேயில்லை. கோடை போனது, இலையுதிர்காலம் போனது. ஒருவழியாக விசாரணைக் குழு அமைந்தது. அதிலிருந்த கறுப்பினப் பேராசிரியர்கள் இருவரும் விலகினார்கள். அவர்கள் இடத்துக்கு மாணவர்களின் சம்மதம் இல்லாமலே வேறு ஆட்கள் வந்தார்கள். நீதி கேட்டு வந்தவனிடம் ‘உன் நீதிபதியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் அவன் எங்கே போவான்?

மேலே போனான்.

1969 ஜனவரி 29. மாணவர்கள் விசாரணையை விட்டு வெளியேறி ஒன்பதாம் மாடிக்கு ஏறினார்கள். அங்கேதான் கணினி நிலையம். அறையை அடைத்து நிற்கும் இயந்திரங்கள், துளையிட்ட அட்டைகள், நாடாச் சுருள்கள்: பல்கலைக்கழகத்துக்கு வலிக்கும் இடம் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் சுமார் 200 பேர். வெள்ளை மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். றோசி டக்ளஸ் வந்தார். பார்படோஸில் பிறந்த ஆன் கூல்ஸ் வந்தார். ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், விடிய விடிய விவாதம். இயந்திரங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

பெப்ரவரி 10. பேச்சுவார்த்தையில் உடன்பாடு கண்டாயிற்று, புதிய குழு வரும் என்ற செய்தி பரவியது. பெரும்பாலானோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏறத்தாழ நூறு பேர்தான் மாடியில் மிச்சம்.

பிறகு அடுத்த செய்தி வந்தது. ஆசிரியர் சங்கம் உடன்பாட்டை ஏற்கவில்லை.

மேசைகளும் கதிரைகளும் படிக்கட்டுகளை அடைத்தன. 11ஆம் திகதி அதிகாலை கலகத் தடுப்புப் பொலிஸார் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். ஒன்பதாம் மாடி யன்னல்களிலிருந்து துளையட்டைகளும் தாள்களும் கொட்டத் தொடங்கின. பனிக்காலத் தெரு தாள்களால் மூடியது. கீழே கூடியிருந்த கூட்டத்திலிருந்து ‘எரியட்டும்’ என்று குரல்கள் எழுந்தன, கறுப்பர்களை இழிக்கும் சொல்லையும் சேர்த்து.

ஏனென்றால் அதற்குள் மேலே புகை கிளம்பியிருந்தது. உள்ளே மாணவர்கள், வெளியே பொலிஸ், நடுவே, அவர்களே அடைத்த வழி.

அந்தத் தீயை வைத்தது யார்? புகைக்குள்ளிருந்து பொலிஸ் பிடியில் வெளியே வந்த 97 பேருக்கு என்ன நடந்தது?

(அடுத்த வாரம்)